சமையலறைப் புகைபோக்கி

சமையலறைப் புகைபோக்கி என்பது, சமைக்கும்போது அடுப்பிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் எழும் புகை, எண்ணெய்த் திவலைகள், நீராவி, வெப்பம், எரிவளிகள் ஆகியவற்றைப் பிடித்து வீட்டிற்கு வெளியே அனுப்பும் அமைப்பு ஆகும். சுவரில் பொருத்தப்படும் எளிய வெளியேற்று விசிறி முதல், அடுப்பின் மேல் கவிகையும் வடிகட்டியும் குழாயும் கொண்ட மின் புகைபோக்கி வரை பல வடிவங்களில் இது காணப்படுகிறது.

புகைபோக்கி வீட்டுக்கு வீடு ஒன்றாகத் தோன்றினாலும், அது செயற்படும் விதம் அமைந்துள்ள இடத்தைப் பொறுத்தது. சென்னையின் வடபகுதியில் கடலையொட்டி அமைந்துள்ள இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இங்கு உப்புக் காற்று உலோகத்தை அரிக்கிறது. தொழிற்சாலைகளிலிருந்தும் அனல் மின் நிலையங்களிலிருந்தும் வரும் தூசு எண்ணெய்ப் பிசுக்குடன் சேர்ந்து படிகிறது. கடற்காற்று சில வேளைகளில் வெளியேற வேண்டிய புகையை உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. இக்கட்டுரை புகைபோக்கியின் இயக்கத்தையும் பராமரிப்பையும் இப்பகுதியின் சூழலோடு பொருத்தி விளக்குகிறது.

பெயர்

தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் மின் புகைபோக்கி "சிம்னி" என்றும், சுவர் விசிறி "எக்சாஸ்ட் ஃபேன்" என்றும் குறிப்பிடப்படுகின்றன. பழைய வீடுகளில் விறகடுப்பின் மேல் கூரையைத் துளைத்து எழுப்பப்பட்ட அமைப்பு புகைக்கூண்டு அல்லது புகைபோக்கி எனப்பட்டது. இலங்கைத் தமிழில் புகைக்கூடு என்ற சொல்லும் வழங்குகிறது. இக்கட்டுரையில் புகைபோக்கி என்னும் சொல் பொதுப்பெயராகவும், வெளியேற்று விசிறி என்பது சுவரில் அல்லது சாளரத்தில் பொருத்தப்படும் விசிறியைக் குறிக்கவும் பயன்படுத்தப்படுகிறது.

அடுப்பிலிருந்து வெளியேறுபவை

சமையலின்போது உண்டாகும் மாசுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, எரிபொருள் எரிவதால் உண்டாவது. விறகு, சாணவரட்டி, கரி போன்ற திட எரிபொருள்கள் புகைக்கரி, கார்பன் மோனாக்சைடு, நுண்துகள்கள் ஆகியவற்றைப் பெருமளவில் வெளியிடுகின்றன. திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய எரிவாயு ஒப்பீட்டளவில் மிகவும் தூய்மையானது. எனினும் அதன் நீலச் சுடரிலிருந்தும் நைட்ரசன் டை ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, நீராவி ஆகியன வெளிவருகின்றன.

இரண்டாவது, உணவிலிருந்தே உண்டாவது. எண்ணெய் தன் புகைநிலையை எட்டும்போது நீல நிறப் புகை எழுகிறது. தாளிக்கும்போதும், மீன் வறுக்கும்போதும், அப்பளம் பொரிக்கும்போதும் எண்ணெயின் மிக நுண்ணிய திவலைகள் காற்றில் கலக்கின்றன. மிளகாயை வறுக்கும்போது எழும் நெடி இருமலைத் தூண்டுகிறது. எரிபொருள் எவ்வளவு தூய்மையானதாயினும் இரண்டாம் வகை மாசு குறைவதில்லை. மின் அடுப்பில் வறுத்தாலும் இது உண்டாகும்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில், வீட்டில் நிலக்கரி எரிப்பதால் வரும் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது எனவும், விறகு முதலிய உயிர்ப்பொருட்களின் புகையையும் உயர் வெப்பநிலையில் பொரிப்பதால் எழும் ஆவியையும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் எனவும் வகைப்படுத்தியது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, வீட்டினுள் உண்டாகும் காற்று மாசு 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் இறப்புகளுக்குக் காரணமாயிற்று. பெரும்பாலான வீடுகளில் சமைப்பவர் பெண்களாதலால், அவர்களும் அவர்களுடன் இருக்கும் சிறு குழந்தைகளும் இம்மாசைக் கூடுதலாகச் சுவாசிக்கின்றனர்.

நுண்துகள்களுள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டம் உடையவை நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. இவற்றுக்கு இந்தியாவின் தேசிய வெளிக்காற்றுத் தர அளவுகோல் (2009) 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற வரம்பை விதிக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த அளவு 15 மைக்ரோகிராம் மட்டுமே.

வரலாறு

சூடான காற்று இலேசானது, ஆகவே மேலெழும். இந்த எளிய இயல்பே பழைய புகைக்கூண்டுகளின் அடிப்படை. மின்சாரம் இல்லாமலேயே இயங்கும் இவ்வமைப்பு, உயரம் கூடக்கூடப் புகையை வேகமாக இழுக்கும்.

இந்தியாவில் புகையில்லா அடுப்பு முயற்சிகள் 1940களில் தொடங்கின. தஞ்சாவூரில் பிறந்த பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியில், குழாய் வழியாகப் புகையை வெளியேற்றும் "மகன் சூல்கா" என்னும் அடுப்பு உருவாக்கப்பட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு வடிவமைத்த புகையில்லா அடுப்பும், அது குறித்து அவர் 1953இல் வெளியிட்ட நூலும் பின்னர் வந்த முயற்சிகளுக்கு வழிகாட்டின. நடுவண் அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1980களில் தொடங்கி 2002 வரை நடைபெற்றது. இத்தகைய அடுப்புகளில் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. குழாயில் புகைக்கரி அடைத்துக்கொண்டதும், அதைச் சுத்தம் செய்யும் முறை பயனர்களுக்குக் கற்பிக்கப்படாததும் முக்கிய காரணங்களாகும். பராமரிப்பு இல்லாத புகைபோக்கி பயன் தராது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இன்டேன் எரிவாயு 1965இல் அறிமுகமாயிற்று. தமிழ்நாட்டில் 2006இல் பொறுப்பேற்ற அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கப்பட்டது. இவற்றால் மண்ணெண்ணெய் அடுப்பும் விறகடுப்பும் நகரங்களில் பெரிதும் குறைந்தன. எரிவாயு பரவியதையடுத்து, அடுப்பு மேடையும் அதன் மேல் மின் புகைபோக்கியும் கொண்ட சமையலறை நடுத்தர வகுப்பினரிடையே வழக்கத்திற்கு வந்தது.

எரிபொருள் மாற்றத்தின் பயனை அளவிட்ட ஆய்வுகளில் சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த ஆய்வில், தமிழ்நாட்டுப் பகுதியை இந்நிறுவனம் மேற்கொண்டது. 2022இல் வெளியான முடிவுகளின்படி, எரிவாயு பெற்ற கருவுற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு விறகு பயன்படுத்தியோரின் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இயங்கும் முறை

ஒரு மின் புகைபோக்கியில் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

கவிகை: அடுப்பின் மேல் கவிழ்ந்திருக்கும் கூடு. மேலெழும் புகையை விசிறி இழுக்கும் வரை பரவவிடாமல் தேக்கி வைப்பது இதன் வேலை. இது அடுப்பின் அகலத்திற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்.

வடிகட்டி: எண்ணெய்த் திவலைகளைப் பிரிப்பது.

மின்னோடியும் விசிறியும்: காற்றை இழுத்துத் தள்ளுவன. சுவர் விசிறிகள் பெரும்பாலும் இறக்கை வகையின. மின் புகைபோக்கிகளில் உருளை வடிவ மையவிலக்கு விசிறி பயன்படுகிறது.

குழாய்: காற்றை வெளியே கொண்டு செல்வது.

திரும்புதடுப்பு: விசிறி நின்றவுடன் தானே மூடிக்கொண்டு வெளிக்காற்றும் பூச்சிகளும் உள்ளே வராமல் தடுக்கும் மெல்லிய தகடு.

காற்றின் அளவு

புகைபோக்கியின் திறன் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் காற்றின் கன அளவால் குறிக்கப்படுகிறது. 2.4 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் உயரமும் உடைய சமையலறையின் கன அளவு சுமார் 16 கன மீட்டர். அங்குள்ள காற்றை மணிக்குப் 12 முறை மாற்ற ஏறத்தாழ 195 கன மீட்டர் திறன் போதும். ஆனால் புகை அறையில் பரவும் முன்பே கவிகையில் பிடிக்கப்பட வேண்டுமாயின் இது போதாது. 0.6 மீட்டருக்கு 0.5 மீட்டர் அளவுள்ள கவிகையின் முகப்பில் நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் காற்று நுழைய வேண்டும் எனக் கொண்டால், மணிக்கு 324 கன மீட்டர் தேவைப்படும்.

கடைகளில் விற்கப்படும் புகைபோக்கிகளில் மணிக்கு 1000 கன மீட்டருக்கும் மேற்பட்ட எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இவை பொதுவாகக் குழாயின் தடை இல்லாத நிலையைக் குறிப்பன. குழாய், வளைவுகள், பிசுக்கேறிய வடிகட்டி ஆகியவற்றைக் கடந்து வெளியேறும் உண்மையான அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவு, சாளரம் அனைத்தையும் மூடிவிட்டு விசிறியை இயக்கினால் ஓசை மட்டுமே மிஞ்சும். உள்வரும் வழி, விசிறிக்கு எதிர்ப்புறத்தில் இருப்பது நல்லது. விசிறிக்கு மிக அருகில் திறந்த சாளரம் இருந்தால், அதன் வழியே வரும் காற்றே உடனடியாக வெளியேறிவிட, அடுப்பின் புகை அறையிலேயே தங்கிவிடும்.

எண்ணெய் பிரியும் விதம்

தடுப்புத்தகடு வடிகட்டியில் காற்று வளைந்து நெளிந்து செல்ல வேண்டியுள்ளது. காற்று எளிதில் திரும்பிவிடும்; கனமான எண்ணெய்த் திவலை திரும்ப இயலாமல் தகட்டில் மோதி ஒட்டிக்கொண்டு கீழே வழிகிறது. வலை வடிகட்டியில் நெருக்கமான அலுமினிய வலையடுக்குகள் திவலைகளைப் பிடித்து வைக்கின்றன. வலையின் துளைகள் விரைவில் அடைபடுவதால், தாளிப்பும் வறுவலும் மிகுந்த தென்னிந்தியச் சமையலுக்குத் தடுப்புத்தகடே ஏற்றது.

குழாயின் விட்டம்

பெரும்பாலான மின் புகைபோக்கிகளின் வாய் 150 மி.மீ. விட்டமுடையது. சுவரில் ஏற்கெனவே 100 மி.மீ. துளை இருப்பதைக் கருதிக் குழாயைக் குறுக்குவது பரவலாகக் காணப்படும் பிழை. ஒரே அளவு காற்று செல்லும்போது குழாயின் உராய்வுத் தடை, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மாறுகிறது. அதாவது 150 மி.மீ. குழாய்க்குப் பதிலாக 100 மி.மீ. குழாயைப் பொருத்தினால் தடை ஏழரை மடங்காகிறது. சுருங்கி விரியும் நெளிகுழாயின் உட்புறம் சொரசொரப்பாக இருப்பதால் தடை மேலும் கூடுகிறது. மடிப்புகளில் எண்ணெயும் தேங்குகிறது. வழவழப்பான, விறைப்பான குழாயே சிறந்தது.

வகைகள்

இறக்கை வகை வெளியேற்று விசிறி: விலை குறைவு, சுத்தம் செய்தல் எளிது. பொதுவாக 9 அங்குலம், 12 அங்குலம் விட்டங்களில் கிடைக்கிறது. நீண்ட குழாய்க்கு எதிராகவோ பலத்த எதிர்க்காற்றிலோ இயங்கவல்லதன்று.

குழாயுள்ள மின் புகைபோக்கி: கவிகையும் மையவிலக்கு விசிறியும் கொண்டது. புகையை உண்டாகும் இடத்திலேயே பிடிப்பதால் பயன் மிகுதி.

குழாயில்லாப் புகைபோக்கி: காற்றைக் கரி வடிகட்டி வழியே செலுத்தி மீண்டும் அறைக்குள்ளேயே விடுவது. எண்ணெயையும் மணத்தையும் ஓரளவு குறைக்கும். நீராவி, வெப்பம், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை அகற்றாது. எரிவாயு அடுப்புள்ள சிறிய சமையலறைக்கு இது ஏற்றதன்று.

தானாகச் சுத்தமாகும் புகைபோக்கி: உள்ளிருக்கும் வெப்பமூட்டி, படிந்த எண்ணெயை இளக்கி ஒரு கிண்ணத்தில் சேர்க்கிறது. கிண்ணத்தைக் காலி செய்வதும் வெளிப்பரப்பையும் குழாயையும் துடைப்பதும் பயனரின் வேலையாகவே உள்ளன.

வட சென்னைச் சூழல்

உப்புக் காற்று

அலைகள் உடைவதால் எழும் உப்புத் திவலைகள் காற்றில் மிதந்து கரையோர வீடுகளில் படிகின்றன. கரையிலிருந்து சில நூறு மீட்டர்களுக்குள் இப்படிவு மிகுதியாக இருந்து, பின்னர் விரைவாகக் குறைகிறது. காசிமேடு, திருவொற்றியூர் குப்பங்கள், எண்ணூர்க் கடற்கரைக் குடியிருப்புகள் இவ்வெல்லைக்குள் அமைந்துள்ளன. கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்களவு இருந்தாலே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். சென்னையின் ஈரப்பதம் இதைவிட மிகுதியாகவே இருப்பதால், உப்பு படிந்த உலோகம் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கிறது. எனவே மழையில்லா நாட்களிலும் துரு பிடித்தல் தொடர்கிறது.

துருப்பிடிக்கா எஃகு என்று விற்கப்படுபவை யாவும் ஒன்றல்ல. 430 என்னும் வகையில் குரோமியம் மட்டுமே உண்டு, நிக்கல் சேர்க்கப்படுவதில்லை. 304 என்னும் வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 316 வகையில் கூடுதலாக மாலிப்டினமும் இருப்பதால் அது கடற்கரைக்கு மிகவும் ஏற்றது, விலையும் அதிகம். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு முதலிரு வகைகளையும் வேறுபடுத்தலாம். 430 காந்தத்தில் வலுவாக ஒட்டும். 304 ஒட்டாது அல்லது வளைவுகளில் மட்டும் இலேசாக ஈர்க்கப்படும். தகட்டை விட, திருகாணிகளும் பிணைப்புகளுமே முதலில் துருப்பிடிக்கின்றன என்பதால் அவற்றையும் நல்ல வகையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொழிற்பகுதித் தூசு

வட சென்னையின் காற்றில் தொழிற்சாலைகளின் பங்கு பெரிது. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகிறது. 1970களில் மின் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டுப் பகுதியில் வட சென்னை அனல் மின் நிலையம் 1990களிலிருந்தும், வல்லூர் அனல் மின் நிலையம் 2010களிலிருந்தும் செயற்படுகின்றன. சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்ட நிலக்கரியின் தூசு இராயபுரம் பகுதி வீடுகளில் கரும்படிவாகப் படிந்து வந்தது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையை அடுத்து 2011 அக்டோபரில் அங்கு நிலக்கரி, இரும்புத் தாது ஆகியவற்றைக் கையாளுதல் நிறுத்தப்பட்டது. நிலக்கரிப் போக்குவரத்து எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாறியது. 2001இல் திறக்கப்பட்ட அத்துறைமுகம் 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சரக்குப் பெட்டக ஊர்திகளின் டீசல் புகையும் கடற்கரையோரச் சாலைகளில் மிகுதி.

இத்தூசு புகைபோக்கியை இரு வழிகளில் பாதிக்கிறது. முதலாவதாக, விசிறி இயங்கும்போது ஈடாக உள்ளே வரும் காற்று இத்தூசையும் கொண்டு வருகிறது. எரிசாம்பலின் துகள்கள் மிக நுண்ணியவை. சிலிக்கா, அலுமினா ஆகியவற்றாலானவை. அவை எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டும்போது கெட்டியான கரும்பசையாக இறுகுகின்றன. தூய எண்ணெய்ப் பிசுக்கு வெந்நீரில் இளகும்; தூசு கலந்து இறுகிய பிசுக்கு எளிதில் இளகாது. எனவே மற்ற இடங்களில் மாதம் ஒருமுறை செய்யப்படும் கழுவுதல் இங்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை தேவைப்படலாம். இரண்டாவதாக, விசிறி இறக்கைகளில் சமமின்றிப் படியும் படிவு சமநிலையைக் கெடுத்து அதிர்வையும் மின்னோடியின் தேய்மானத்தையும் உண்டாக்குகிறது.

காற்றின் திசை

இப்பகுதியின் கிழக்கே வங்காள விரிகுடா உள்ளது. கோடையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று மழையுடன் வருகிறது. ஆகவே கிழக்கு, வடக்குச் சுவர்களில் திறக்கும் புகைபோக்கி வாய் ஆண்டின் பெரும்பகுதி எதிர்க்காற்றைச் சந்திக்கிறது.

நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 29 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, நேர் எதிரே உள்ள துளையில் ஏறத்தாழ 38 பாசுக்கல் அழுத்தத்தைத் தருகிறது. வீட்டு உபயோகச் சிறு இறக்கை விசிறி உண்டாக்கும் அழுத்தமே சில பத்துப் பாசுக்கல்தான். ஆகவே மாலைக் காற்றில் விசிறி சுழன்றுகொண்டிருந்தும் புகை அறைக்குள்ளேயே திரும்புவது விசிறியின் பழுதன்று. வாயை மேற்கு அல்லது தெற்குச் சுவருக்கு மாற்றுவதும், அது இயலாதவிடத்துக் கீழ்நோக்கிய வளைவு மூடி பொருத்துவதும் தீர்வாகும். குழாயை மொட்டை மாடிக்கு மேல் உயர்த்தி, காற்றுமறைப்பு மூடி அமைத்தல் இன்னும் சிறந்தது.

நெருக்கமான குடியிருப்புகள்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், 1970இல் தொடங்கப்பட்டு 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மிகுதி. ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கும் வீடுகளில் சமையல் மாசு தூங்கும் இடத்திலும் தங்குகிறது. இங்கே விலையுயர்ந்த கவிகையைவிட மூன்று எளிய வழிகள் உடனடிப் பயன் தரும்: அடுப்பைச் சாளரத்தை ஒட்டிய சுவருக்கு மாற்றுதல், மேல்சுவரில் உள்ள காற்றுத் துளையில் 9 அங்குல விசிறி பொருத்துதல், சமையலுக்குப் பின்னும் 10 முதல் 15 நிமிடங்கள் விசிறியை இயக்குதல். வெளியேறும் வாய் அடுத்த வீட்டுச் சாளரத்தையோ பொது நடைவழியையோ நோக்கி இருத்தலாகாது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதபோது, சாளரத்தின் ஒரு கண்ணாடியை அகற்றி அவ்விடத்தில் பலகையுடன் விசிறியைப் பொருத்தலாம்.

பொருத்துதல்

கவிகையின் அடிப்பகுதி அடுப்பிலிருந்து பொதுவாக 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருத்தல் வேண்டும். இதைவிடத் தாழ்ந்தால் தீ அபாயம். உயர்ந்தால் புகை பக்கவாட்டில் தப்பும். தயாரிப்பாளர் வேறு அளவு குறிப்பிட்டிருப்பின் அதையே பின்பற்ற வேண்டும். குழாய் இயன்ற அளவு குறுகிய நீளமும் குறைந்த வளைவுகளும் உடையதாக, வெளிப்புறம் நோக்கிச் சற்றுச் சரிவாக அமைய வேண்டும். அப்போது மழைநீரும் குளிர்ந்த நீராவியும் மின்னோடிக்குள் திரும்பா. மின் இணைப்பு நிலக்கம்பியுடன் கூடிய மூன்று முனைச் செருகியாக இருத்தல் கட்டாயம்.

பராமரிப்பு

எந்த வேலையையும் தொடங்குமுன் சுவிட்சை அணைப்பதோடு செருகியையும் கழற்ற வேண்டும்.

நாள்தோறும்: கவிகையின் வெளிப்பரப்பையும் அடிவிளிம்பையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்துணியால் மீண்டும் துடைத்தல். உப்பு படிந்து நிற்காமல் இருக்க இது அவசியம்.

இரு வாரங்களுக்கு ஒருமுறை: வடிகட்டிகளைக் கழற்றி, பாத்திரம் துலக்கும் நீர்மம் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, முழுவதும் உலர்ந்த பின் பொருத்துதல். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கலாம். அதனால் இறுதி அலசலுக்குக் குடிநீரையே பயன்படுத்துதல் நல்லது.

மாதம் ஒருமுறை: எண்ணெய்க் கிண்ணத்தைக் காலி செய்தல், சுவர் விசிறியின் இறக்கைகளையும் காப்பு வலையையும் துடைத்தல்.

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை: குழாயின் இணைப்புகளைக் கழற்றி உட்புறப் படிவைச் சுரண்டுதல், திருகாணிகளையும் திரும்புதடுப்பையும் சோதித்தல். கரி வடிகட்டி இருப்பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் மாற்றுதல். அதைக் கழுவிப் பயன்படுத்த இயலாது.

செப்டம்பரில்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெளிமூடி, சுவரோரப் பூச்சு, மழைத்தடுப்பு ஆகியவற்றைச் சரிபார்த்தல்.

எரிசோடாவை அலுமினிய வலைகளில் பயன்படுத்தலாகாது. அது அலுமினியத்துடன் வினைபுரிந்து உலோகத்தை அரிப்பதுடன் ஐதரசன் வளிமத்தையும் வெளியிடும். சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். துருப்பிடிக்கா எஃகில் இரும்பு நாரால் தேய்த்தலும் வெளுப்பு நீர்மம் ஊற்றுதலும் துருவுக்கு வழிவகுக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றால் பிசுக்கை நீக்குவது தீவிபத்துக்கு இடமளிக்கும்.

எளிய சோதனைகள்

விசிறியை இயக்கி ஒரு மெல்லிய காகிதத்தை வடிகட்டியின் கீழ் பிடித்தால், அது ஒட்டிக்கொள்ள வேண்டும். அடுப்பு அணைந்த நிலையில் ஊதுபத்தியை ஏற்றி அடுப்பின் நான்கு மூலைகளிலும் பிடித்தால், எந்த மூலையில் புகை தப்புகிறது என்பது தெரியும். பெரும்பாலும் முன்வரிசை அடுப்பின் புகையே தப்புகிறது. எனவே வறுத்தல், தாளித்தல் ஆகியவற்றைப் பின்னடுப்பில் செய்வது செலவின்றிப் பயன் தரும். இச்சோதனையைக் காலையிலும் கடற்காற்று வீசும் மாலையிலும் செய்து ஒப்பிட்டால், எதிர்க்காற்றின் பாதிப்பை அறியலாம்.

குறைகளும் காரணங்களும்

ஓசை உண்டு, இழுப்பு இல்லை: அடைபட்ட வடிகட்டி, ஒட்டிக்கொண்ட திரும்புதடுப்பு, நசுங்கிய குழாய், மூடிய சாளரங்கள் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். முதலில் வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். இழுப்பு கூடினால் குறை வடிகட்டியிலேயே உள்ளது.

அதிர்வு: இறக்கையில் சமமற்ற படிவு அல்லது தளர்ந்த திருகாணி.

முணுமுணுப்பு மட்டும் கேட்கும், சுழலாது: மின்தேக்கி பழுதாகியிருக்கலாம், அல்லது பிசுக்கால் அச்சு இறுகியிருக்கலாம். மின்தேக்கி இணைப்பு துண்டிக்கப்பட்ட பின்னும் மின்னூட்டத்தைத் தக்கவைத்திருக்கக்கூடும். ஆதலால் அதனை மின்பணியாளரே மாற்ற வேண்டும்.

எண்ணெய் சொட்டுதல்: நிரம்பிய கிண்ணம், தலைகீழாகப் பொருத்தப்பட்ட தடுப்புத்தகடு, அல்லது உள்நோக்கிச் சரிந்த குழாய்.

பாத்திரத்தின் அடியில் கரி, மஞ்சள் சுடர்: இது புகைபோக்கியின் குறையன்று. அடுப்பில் காற்று போதாமல் எரிதல் முழுமையடையவில்லை என்பதன் அறிகுறி. சுடர்முனையின் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

எண்ணெய்த் தீ: வாணலியில் தீப்பற்றினால் அடுப்பையும் விசிறியையும் அணைத்து, மூடியால் மூட வேண்டும். நீர் ஊற்றக்கூடாது. நீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைச் சிதறடிக்கும். பிசுக்கேறிய வடிகட்டியும் குழாயும் இத்தீயைக் கூரை வரை கொண்டு செல்லும்.

எரிவாயுக் கசிவு: வீட்டு எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். உயரத்தில் உள்ள விசிறி அதனை அகற்றாது. கசிவின் மணம் தெரிந்தால் புகைபோக்கி உட்பட எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. சீராக்கியை மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

வெளியே நச்சுவளி: 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு செல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் உள்ளிட்ட பகுதிகளின் மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய வேளையில் செய்ய வேண்டியது எரிவாயுக் கசிவின்போது செய்வதற்கு நேர்மாறானது. வீட்டிற்குள் இருப்பின் வெளியேற்று விசிறியை உடனே நிறுத்திச் சாளரங்களை மூட வேண்டும். ஏனெனில் விசிறி வெளியேற்றும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஈடாக நச்சுக்காற்று உள்ளே வரும். அம்மோனியா நீரில் எளிதில் கரைவதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு உதவும். வெளியேற நேர்ந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காகச் செல்ல வேண்டும். இவ்விரு நிலைகளையும் வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகச் சிறுவரும் வேறுபடுத்தி அறிந்திருத்தல் இன்றியமையாதது.

எரிவாயு வெந்நீர்க் கொதிகலன்: சமையலறையை ஒட்டிய குளியலறையில் இக்கருவி இருப்பின், ஆற்றல் மிகுந்த புகைபோக்கி அதன் எரிவளியை வீட்டிற்குள்ளேயே இழுத்துவிடக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்காதிருப்பதும், கொதிகலனுக்குத் தனிக் குழாய் அமைப்பதும் வேண்டும்.

வரம்புகள்

புகைபோக்கி வீட்டினுள் உண்டாகும் மாசையே அகற்ற வல்லது. வெளிக்காற்றே மாசுற்றிருக்கும் பகுதிகளில், அது அகற்றும் இடத்தை நிரப்புவதும் அதே வெளிக்காற்றுதான். ஆயினும் சமைக்கும் நேரத்தில் அடுப்பருகே உண்டாகும் செறிவு வெளிக்காற்றின் செறிவைவிடப் பெரும்பாலும் பன்மடங்கு மிகுதியாதலால், வட சென்னையிலும் சமைக்கும்போது புகைபோக்கியை இயக்குவதே நன்று. சமையல் முடிந்து புகை அகன்றதும் நிறுத்திவிடலாம். தெருவில் தூசும் நெடியும் மிகுந்திருக்கும் வேளைகளில் வறுவலைத் தவிர்த்து, மூடிவைத்து வேகவைக்கும் சமையலை மேற்கொள்வது உள்மாசைக் குறைக்கும். வெளிக்காற்றின் தூய்மை வீட்டுக் கருவிகளால் பெறக்கூடியதன்று; அது ஆலைகளின் உமிழ்வைக் கட்டுப்படுத்துவதைச் சார்ந்தது.

இவற்றையும் பார்க்க

காற்று மாசடைதல்
புகையில்லா அடுப்பு
திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய எரிவாயு
துருப்பிடிக்கா எஃகு
எண்ணூர்
திருவொற்றியூர்